பெய்ததாகச் சொன்ன மழை

செயற்கைக்கோள் தரும் மழை அளவைத் தரையிலுள்ள மழைமானியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் வேலை. போன ஐப்பசியில் நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நல்ல மழை என்று இரண்டுமே காட்டின. மழைமானி இருந்தது ஊருக்குள். நேரில் போனால், ஊருக்கு வெளியே பாண்டியம்மாள் என்ற விவசாயி அக்காவின் மக்காச்சோளம் காய்ந்து நின்றது.

“ஊருக்குள்ள பேஞ்சுச்சு தம்பி. ரோட்டுக்கு இங்கிட்டு ஒரு சொட்டு விழல. நீங்க எழுதுனா இன்சூரன்ஸ் வருமாம்ல?”

பார்த்ததை அப்படியே எழுதினேன். இரண்டு அளவும் ஒத்துப்போகும்போது கண்ணால் பார்த்தது கணக்கில் வராது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அக்காவைப் போனில் அழைத்து, இன்சூரன்ஸ் வராது என்று சொன்னேன்.

“விடுங்க தம்பி, நீங்க என்ன செய்வீக. அந்த வெயில்ல வந்து பாத்தீகளே.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். இன்றும் அந்த மாத வரைபடத்தைத் திறந்தால், அவருடைய சோளக்காடு மழை பெய்த நீல நிறத்தில்தான் தெரிகிறது.