அடக்கம் என்று பெயரிட்ட பொற்காசு

கொச்சியில், மட்டாஞ்சேரியின் ஒரு பழைய மிளகுக் கிடங்கில் ரோமானியப் பொற்காசுக் கண்காட்சி நடந்தது. வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. ஒரு காலத்தில் நம் மிளகுக்கு விலையாக வந்த காசுகள், கட்டைவிரல் நகமளவுதான் இருக்கும். அவற்றில் பேரரசிகளின் காசு என்றால், முன்பக்கம் பேரரசியின் முகம். பின்பக்கம் ஒரு நற்குணம், பெண்ணுருவில். ஒற்றுமை, பிள்ளைப்பேறு, அடக்கம். அடக்கம் என்பவள் முக்காட்டை விரலால் இழுத்துப் பிடித்தபடி நிற்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கண்காட்சிக்குப் பணம் கொடுத்தவரின் நண்பர் வந்தார். அறுபது வயதிருக்கும். போட்டோவுக்கு என் பக்கத்தில் நின்றவர் என் இடுப்பில் கை வைத்தார். நகர்ந்தேன். கையும் கூடவே வந்தது. தட்டிவிட்டேன். சிரித்தார்.

நேராக மேலாளரிடம் போனேன். அவரும் இங்கே பிழைக்க வந்த தமிழ்க் குடும்பத்துக்காரர்.

"அண்ணா, அந்த ஆளு என் இடுப்புல கை வச்சாரு."

"வயசானவரு மோளே, தெரியாம பட்டிருக்கும்."

"ரெண்டு தடவையா தெரியாம படும்?"

அவர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். "அதுல என்ன இருக்குன்னு தினமும் நீதானே சொல்ற? பொம்பளைக்கு அடக்கம் வேணும். போய் ஒரு சாயா குடி."

அரசன் தன் காசில் வீரம் என்று போட்டுக்கொண்டான். அரசியின் காசில் அடக்கம். அவளை யார் கேட்டார்கள்? தொட்டவன் உள்ளே உலாத்துகிறான், அடக்கம் எனக்காம்!

சாயா குடிக்கவில்லை. திரும்பிப் போனேன். அந்த ஆளோடு இன்னும் பத்துப்பேர் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"இவ பேரு அடக்கம்," என்றேன் உரக்க. "இவளைக் காட்டித்தான் இப்ப என்னை வாயை மூடச் சொன்னாங்க. இதோ நிக்கிறாரே, இவர் என் இடுப்புல கை வச்சாரு."

"வட்டு பெண்ணு," என்று முனகிக்கொண்டு அவர் வெளியேறினார். பைத்தியக்காரி என்கிறார்! மற்றவர்கள் காசுகளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் வர வேண்டாம் என்றார் மேலாளர். நான் போனேன், கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு எழுதிய புகார்க் கடிதத்தோடு. மலையாளத்தில் இரண்டு பக்கம். டிக்கெட் கொடுக்கும் சேச்சி அதைப் படித்துவிட்டு, "என்கிட்டயும் போன வாரம் இப்படித்தான் செஞ்சான்," என்று கீழே கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து அந்த ஆளிடமிருந்து இரண்டு வரி வந்தது. மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறாராம். புண்பட்டிருந்தால்! தொட்டேன் என்ற சொல் எங்குமே இல்லை. அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினேன். எர்ணாகுளத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம், நானும் அந்தச் சேச்சியும். வழக்கு நடக்கிறது.