மார்ச்சுக்குள் கட்டிய மூன்று பற்கள்

“மூன்று பற்களுக்கு ரூட் கேனல், கேப். பில்லும் எக்ஸ்ரேயும் ஆபீஸில் கொடுத்தாயிற்று.” பல வருஷங்களுக்கு முன் டெல்லியில் சர்க்கார் வேலையில், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை டைரியில் எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தைய பக்கங்களில் பல்வலி என்று ஒரு வரிகூட இல்லை. தலைவலியைக்கூட நேரம் போட்டுக் குறிக்கிறவன் நான்.

போன மாதம் அந்த கேப்களில் ஒன்று கழன்று சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. மயூர் விஹாரில் எங்கள் வீட்டருகே இருக்கும் பல் டாக்டர், டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப்பெண், விளக்கடித்துப் பார்த்தார்.

“இதை எதுக்கு அங்கிள் ராவினாங்க? சொத்தை இருந்த மாதிரியே தெரியலையே.”

“மத்த ரெண்டும்?”

“மேல மூடியிருக்கே. பழைய எக்ஸ்ரே இருந்தா பாக்கலாம்.”

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. நஷ்டஈடு கேட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

எக்ஸ்ரே பில்லோடு போய்விட்டது. ஆபீஸில் பழைய மெடிக்கல் பில்களை அழித்துவிட்டார்களாம். எந்தக் காகிதத்தையும் ஜெராக்ஸ் எடுக்காமல் கொடுத்ததில்லை, எக்ஸ்ரேக்கும் எடுத்திருந்தேன். கறுப்பாக ஒரு சதுரம் இருக்கிறது.

“வலிக்காத பல்லை யாராவது கட்டுவாங்களா? ஆபீஸ்ல பணம் குடுக்கறான்னா வாயைத் திறந்துடுவீங்க,” என்றாள் மனைவி.

“கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகப்போறேன்.”

“போங்க. ஜட்ஜ் கேட்டா அந்தக் கறுப்புக் காகிதத்தைக் காட்டுங்க.”

அவள் சொன்னதில் பாதி நிஜம். மார்ச் முடிந்தால் மெடிக்கல் பில்லுக்கு ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும் என்று செக்‌ஷனில் எல்லோருமே அந்த மாதம் ஏதாவது ஒரு டாக்டரிடம் ஓடுவோம்.

சிகிச்சை செய்த கிளினிக் கரோல் பாக்கில் இன்னும் இருக்கிறது. இரண்டு முறை மெட்ரோவில் போய், எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் முறை உள்ளே போனேன். அதே டாக்டர், தலை நரைத்திருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததுதான் எனக்கு ஆச்சரியம். நான் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு ஹிந்தியில் சொன்னார்: “அச்சா. ஆனா பாயி சாப், மார்ச்சுக்குள்ள மூணையும் முடிச்சுடுங்கன்னு சொன்னது நீங்கதானே?”

வீட்டுக்கு வந்து அந்த மாதத்து டைரி முழுவதையும் மறுபடி படித்தேன். அவரிடம் நான் என்ன சொன்னேன் என்று எங்கும் இல்லை.

மறுநாளே கன்ஸ்யூமர் கோர்ட்டில் மனுவைக் கொடுத்துவிட்டேன். ஒரு பல்லில் சொத்தைக்கு அடையாளமில்லை என்று மயூர் விஹார் டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். மற்ற இரண்டும் எப்படி இருந்தன என்பது இதுவரை உறுதியாகவில்லை. மார்ச்சுக்குள் என்று முதலில் சொன்னது யார் என்பதும்.