பேத்தியின் காலைப் பரிசோதனை

என் பேத்திக்குச் சிறுநீரில் புரதம் போகிற நோய். வீட்டிலேயே பார்க்கும்படி பதுளை ஆஸ்பத்திரியில் சோதனைக் குச்சிகள் கொடுத்திருந்தார்கள். சிறுநீரில் நனைத்ததும் குச்சியின் மஞ்சள் நிறம் பச்சையானால், அவள் மறுபடி வார்டில் படுக்க வேண்டும்.

அன்று எழும்போதே அவள் கண் கொஞ்சம் வீங்கியிருந்தது; புரதம் போனால் அப்படித்தான் வீங்கும். கோப்பையோடு கக்கூசுக்குப் போனவள் வெறுங்கோப்பையோடு திரும்பினாள்.

"அப்பாயி, எனக்குப் பதிலா நீங்க போங்க. எனக்கு ஊசி வேணாம்."

"எனக்குச் சீனி வருத்தம்டி, ஒண்ணுக்குல சீனி போகும். என்னோடத காட்டுனா டாக்டர் ஒனக்கு டொபியே குடுக்க விடமாட்டாரு."

யோசித்துவிட்டு உள்ளே போனாள்.

குச்சியை நனைத்துவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மஞ்சள் மாறவில்லை. அவளை இழுத்து முத்தம் கொடுத்தேன்.

கன்னத்தைத் துடைத்துக்கொண்டே கோப்பையை நீட்டினாள்.

"இப்ப ஒங்களுக்குப் பாப்போம், போங்க."