பாய் தந்த பிளாப்பி

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்தேன். குரோம்பேட்டையில் தோல் வியாபாரம் செய்த பாய் ஒருவர் தம் ஆபீஸுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதைப் பொருத்தப் போன அன்று கம்ப்யூட்டரில் அடித்ததைச் சேமித்துவைக்கும் பிளாப்பி ஒன்றை உறையோடு நீட்டினார்.

"என் பொண்ணு பழைய மிஷின்ல அடிச்சது தம்பி. எல்லாம் பிசினஸ் லெட்டருதான். அவ மவுத்தாயி, எங்கள வுட்டுப் போயி ஆறு மாசம் ஆவுது. இத மட்டும் புதுசுல ஏத்திக் குடுத்துடுங்க."

புது கம்ப்யூட்டரால் அதைப் படிக்க முடியவில்லை. காலி பிளாப்பி என்று முடிவுகட்டி, அவரைக் கேட்காமலே ஃபார்மட் செய்துவிட்டேன். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். இரண்டு மிஷினும் பிளாப்பியில் எழுதும் முறையே வேறு என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அது தோன்றவில்லை, அவ்வளவு அலட்சியம்.

"இதுல ஒண்ணுமே இல்லையே, பாய்."

"நேத்துகூட பழைய மிஷின்ல படிச்சேனே தம்பி."

"பழைய பிளாப்பி பாய், தானா அழிஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் பிளாப்பியை வாங்கி உறைக்குள் போட்டார். பிறகு, "என் தப்புதான். தெனமும் போட்டுப் போட்டுப் பார்த்தே தேய்ச்சிட்டேன் போல" என்றார்.

அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். தினமும் படித்ததால் அது அழியவில்லை என்று சொல்லவாவது, பிறகு ரயிலில் அந்த வழியே போனபோது ஒரு முறை குரோம்பேட்டையில் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.