பெரியப்பாவுக்குப் படைத்த வடை

கீரை போட்ட பருப்பு வடையைத் தின்றால் பெரியப்பா மறுபடியும் இறந்துவிடுவார் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள்.

'மறுபடியும்' என்பதற்குக் காரணம் இருந்தது. எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் எல்லைக்குப் போன பெரியப்பாவைக் காணவில்லை என்று தந்தி வந்தது. மாதங்கள் கடந்தும் வேறு செய்தியில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி, மணிமுத்தாற்றங்கரையில் அவருக்குக் காரியம் செய்துவிட்டார்கள். மணமாகி ஓராண்டுகூட நிறையாத பெரியம்மா, அவருக்குப் பிடித்த அந்த வடையைத் தம் கையால் சுட்டுப் படத்தின் முன் படைத்தார். அதன் பிறகுதான், பகைநாட்டுச் சிறைமுகாமிலிருந்து விடுதலையான பெரியப்பா விருத்தாசலம் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்.

அதே ஆற்றில் அவரை முழுகவைத்து, பெரியம்மாவுக்கு மீண்டும் ஒரு தாலி கட்டச் சொல்லி, வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். வடையைத் தவிர எல்லாம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. இறந்தவருக்கென்று படைத்ததை அவரே உண்ணலாமா என்று பெரியம்மா அஞ்சினார். எங்கள் அடுப்பில் அது பிறகு வேகவேயில்லை.

இரண்டாயிரங்களில் நான் பள்ளிச் சிறுமி. பெரியப்பா பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனிக்கு வாட்ச்மேன். பள்ளி விட்டதும் அங்கே போவேன். எதிர் டீக்கடையில் ஆளுக்கொரு கீரை வடை.

"பெரியம்மாகிட்ட மூச்சு வுடாத, பாப்பா" என்பார். முகாமைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "அங்க பொழுது போனா அவனவன் வூட்டுச் சாப்பாட்டப் பத்திதான் பேச்சு. நான் இந்த வடையத்தான் சொல்லுவன். கேட்டுக் கேட்டு ஒரு பஞ்சாபிக்காரனுக்கே பக்குவம் மனப்பாடமாயிடிச்சி."

காலையில், அவர் வேலைக்குப் போன பின், பெரியம்மா டீக்கடையில் கொடுக்கச் சொல்லி என்னிடம் ஒரு தூக்குவாளியைத் தருவார். உள்ளே பக்குவமாக அரைத்த பருப்பு. அரைப்பது மட்டும்தான் அவர்; சுடுவது டீக்கடை அக்கா. வேறு அடுப்பில் வேறு கை சுட்டால் தோஷமில்லை என்பது அவர் கணக்கு. "பெரியப்பாகிட்ட மூச்சு வுடாத" என்பார் அவரும். ரகசியம் காப்பதில் எனக்குப் பெருமை இருந்தது. யோசிப்பதில் அவ்வளவாக இல்லை.

ஒரு மாசி மாதம் பெரியம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்று தூக்குவாளி போகவில்லை. மாலையில் அக்கா போண்டாவை நீட்டினார்.

"வடை எங்கம்மா?"

"மாஸ்டரு லீவுண்ணே."

"ஒன் கடைக்கு ஏது மாஸ்டரு? என்னாவாம்?"

"ராத்திரிலேந்து காய்ச்சலாம்" என்று அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பெரியப்பா போண்டாவைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு நடந்தார். வீடு வரும்வரை போண்டா கடிபடாமல் கையிலேயே இருந்தது. போண்டா நன்றாக இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரொட்டியைப் பாலில் தோய்த்துப் பெரியம்மாவிடம் கொடுத்தவர், "நாளைக்கு எழுந்துடுவியா?" என்றார்.

"எழுந்து என்னா பண்ணணும்? அப்படி என்ன அவசரம்?"

"சும்மாதான் கேட்டன்."

காய்ச்சல் விட்டதும் தூக்குவாளி மீண்டும் என் கைக்கு வந்தது. காலையில் பெரியம்மாவும் மாலையில் பெரியப்பாவும் பழையபடியே என்னை எச்சரித்தார்கள். மாஸ்டர் யாரென்று அன்றே பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

பெரியப்பா மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. முதல் படையலன்று பெரியம்மா எங்கள் அடுப்பிலேயே கீரை வடை சுட்டு இலையில் வைத்தார். "இனிமே என்ன பயம்? நல்லா சாப்பிடட்டும்" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. யாரிடம் மூச்சு விடாதே என்று எனக்குச் சொல்லிவைத்தார்களோ, அந்த இருவரில், பெரியம்மா இன்னும் இருக்கிறார்.