கூப்பிடு தூரம்

மீன்காரரின் ‘மாலு, மாலூ’ என்ற குரல் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்ததுமே மீன் வாடையும் கடற்காற்றோடு மாடிக்கு ஏறிவிடும். சைக்கிளில் வரும் அந்தச் சிங்கள மனிதர் தொண்டை கிழியக் கத்துவார். அவருக்கென்ன, கத்தலாம். தமிழரான எங்களுக்குத்தான் வீதியில் வாய் கிடையாது.

‘கூப்பிடு’ என்ற சொல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே ‘கூ’ என்ற வெறும் சத்தம்தான் இருக்கிறது. கூவு, கூக்குரல், கூப்பாடு எல்லாம் அது பெற்ற பிள்ளைகள். சிங்களவரும் ‘ஹூ’ என்றுதான் கூவுகிறார்கள். தொண்டைக்கு ஏது இனமும் மதமும்? யாழ்ப்பாணத்தில் வழி கேட்டால், ‘இந்தா, கூப்பிடு தூரந்தான்’ என்பார்கள். குரல் போகுமிடம் வரை பயமில்லாமல் குரல் கொடுத்த சனங்கள் கண்டுபிடித்த அளவு அது. யுத்த காலத்துக் கொழும்பில் அந்த அளவு செல்லாது. ‘ரோட்டிலை பேர் சொல்லிக் கூப்பிடாதை, கிட்டப் போய்க் கதை’ என்பது அப்பாவின் சட்டம். எங்களைக் கூப்பிட வேண்டுமானால் அம்மா மாடிக் கம்பியில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். விடாமல் தட்டினால், வராதே, அப்படியே போய்விடு என்று அர்த்தம்.

அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, வெளிநாடு போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு இன்னும் கிடைக்கவில்லை; அது இல்லாமல் பிடிபட்டால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு பின்னேரம் அவர் காலி வீதிக்குப் பாண் வாங்கப் போயிருந்தபோது, ஆமிக்காரர் எங்கள் கேற்றடியில் வந்து நின்று இளைஞர்களை மறிக்கத் தொடங்கினார்கள். மாமாவோ கந்தோர் விட்டு வரும் கூட்டத்தோடு கூட்டமாக ஒழுங்கைக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார். அம்மா கரண்டியால் தட்டு தட்டென்று தட்டினார். பாழாய்ப்போன ரயிலும் அந்நேரம் பார்த்துக் கடலோரமாகத் தடதடத்துப் போனது. மாமாவுக்குக் கேட்கவில்லை. அவர் இன்னும் கிட்ட வந்தார்.

“தம்பீ! வராதை, திரும்பிப் போ!”

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. ரயில் அதற்குள் போய்விட்டிருந்தது. வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்தபடி நடந்துகொண்டே இருந்தார்கள். மாமா மட்டும் நின்று, அண்ணாந்து பார்த்து, “என்னக்கா?” என்றார்.

ஆமிக்காரனும் அவரைப் பார்த்தான்.

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அக்கா கூப்பிட்டால் ‘என்னக்கா’ என்று கேட்பது ஒரு குற்றமா? ஏற்றிக்கொண்டு போன ஜீப்பைத் தேடி அம்மா ஏறி இறங்காத பொலிஸ் நிலையம் இல்லை. ‘நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் அவன் பாட்டுக்கு வந்திருப்பான்’ என்பார். ஆறுதல் சொல்லப் போனால் எழுந்து குசினிக்குள் போய்விடுவார்.

அந்த வீடு இப்போது இல்லை. அங்கே அடுக்குமாடி எழும்பிவிட்டது. ஆமியும் இல்லை. தாய்மார் பல்கனியில் நின்று, ‘டேய், சாப்பிட வாடா!’ என்று ஒழுங்கை அதிரக் கூப்பிடுகிறார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது; ஆனால் ஒவ்வொரு தரமும் என் கண் முதலில் கேற்றடிக்குத்தான் போகிறது.

எங்கள் செத்தவீடுகளில் பெண்கள் முன்பு செத்துப் போனவர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் அழுவார்கள். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “என்ரை செத்தவீட்டிலை ஒருத்தரும் தம்பியைக் கூப்பிட்டு அழக்கூடாது, பிள்ளை. எங்கையாவது இருந்தானெண்டால், நிண்டு பாப்பான்.”

ஒருவரும் கூப்பிடவில்லை.