"மழைங்கோ" என்று குரல் கொடுத்த நாள்

காய்கிற தேங்காய்ப் பருப்புக்கு ஒரு மணம் உண்டு. முதல் நாள் இனிப்பாகத் தொடங்கி, மறுநாள் லேசாகப் புளித்து, மூன்றாம் நாள் எண்ணெய்ப் பிசுக்காகத் தலைமுடியிலும் பாடப் புத்தகத்திலும் ஏறிக்கொள்ளும் அந்த மணத்துக்குள்தான் என் பத்தாவது வயது கழிந்தது. அப்பாவுக்குக் காங்கேயத்தில் துணை மின்நிலைய வேலை, அதுவும் பதினோரு மாதத்துக்கு மட்டும். சென்னையிலிருந்து வந்த நாங்கள், எண்ணெய் ஆலைகளுக்காகப் பருப்பு உலர்த்தும் "களம்" ஒன்றை ஒட்டிய வீட்டில் குடியேறினோம். கொஞ்ச நாள்தானே என்று அம்மா சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கடைசிவரை பிரிக்கவே இல்லை. எப்படியும் விட்டுப் போகிற ஊரில் எதற்குச் சிநேகிதம் என்று நானும் பெரிய கெட்டிக்காரியைப் போல ஜன்னலோடு இருந்துகொண்டேன்.

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சிவன்மலைப் பக்கம் வானம் கறுத்தால், முதலில் பார்த்தவர் "மழைங்கோ" என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான். காய்வது யார் சரக்கு என்ற கேள்வியே கிடையாது. அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, பாதி சவரம் செய்த முகத்தோடு, தெருவே ஓடிப்போய்ப் பருப்பைக் குவித்துப் "படுதா" போட்டு மூடிவிடும். நனைந்த பருப்பில் பூஞ்சணம் பிடித்தால் எந்த ஆலையும் அதைத் தொடாது. யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பிறகு நன்றி சொல்வதும் இல்லை.

வந்த இரண்டாம் வாரமே இந்த ஓட்டத்தை ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தேன். மழை விட்டதும் எதிர்வீட்டு வள்ளியக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். களத்தில் கூலிக்குத் தேங்காய் உடைப்பவர். கொடியில் நாங்கள் மறந்துபோன என் பள்ளிச் சீருடையை ஓடுகிற ஓட்டத்தில் உருவி, படுதாவுக்கு அடியில் செருகிக் காப்பாற்றியிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றவர், ஒரு துளி படாத சட்டையை மடித்து நீட்டினார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போகோணுமல்லங்க கண்ணு" என்றார். நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்; கேட்காததால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த மழைக்கு நானும் ஓடினேன். படுதாவைப் பிடித்துக்கொண்டு காற்றோடுதான் ஓட வேண்டும், எதிர்த்து ஓடினால் அது நம்மையே தூக்கிப் போட்டுவிடும் என்பதையெல்லாம் இரண்டு முறை விழுந்து எழுந்து தெரிந்துகொண்டேன்.

நாங்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் இருந்தபோது, வள்ளியக்கா முதன்முதலாகச் சொந்தத்தில் தேங்காய் வாங்கி அதே களத்தில் உலரப் போட்டிருந்தார். அந்தச் சரக்கு தேறினால் அடுத்தது போடலாம், இல்லாவிட்டால் மறுபடி கூலிக்கு உடைக்க வேண்டியதுதான். மறுநாள் ஆலைக்குப் போக வேண்டிய பருப்பைப் பரப்பி வைத்துவிட்டு, தெருவில் பாதிப்பேரோடு அவரும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த மத்தியானத்தில், சிவன்மலை கறுத்தது. நான்தான் பார்த்தேன். அதுவரை ஓடியிருக்கிறேனே தவிரக் குரல் கொடுத்ததில்லை. ஊரைவிட்டுப் போகிற பிள்ளை கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று தயங்கினேன். இருந்தாலும் தெருவின் நடுவில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன், "மழைங்கோ" என்று.

முதலில் ஓடி வந்தது அம்மா. ஓர் ஆணி அடிக்காத என் அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். பிறகு கதவுகள் திறந்தன. கிழவர்களும் வாண்டுகளும் டீக்கடைக்காரருமாக வந்து சேர்ந்தார்கள். கடைசி மூலைக்குக் கல் வைத்தபோது மழை கொட்டியது.

பாதி விருந்தில் எழுந்து, நனைந்து ஓடிவந்த வள்ளியக்கா, படுதாவைத் தூக்கிப் பருப்பை அளைந்து பார்த்தார். எல்லாம் காய்ந்தே இருந்தது.

"ஆருங்க கொரலு குடுத்தது?" என்றார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

"அட, நம்ம களத்துப் புள்ளதானுங்களா" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பரிசும் பதவி உயர்வும் பார்த்துவிட்டேன். அந்தச் சொல்லுக்கு நிமிர்ந்ததுபோல எதற்கும் நிமிர்ந்ததில்லை.

இப்போது சிங்காநல்லூரில் குடியிருக்கிறேன். போன மாதம் பேருந்து ஏறிப் போய் வள்ளியக்காவைப் பார்த்தேன். அன்று பிழைத்த சரக்கில் தொடங்கியவர், இன்று அந்தக் களத்துக்கே சொந்தக்காரர். பருப்பு இப்போது கொட்டகைக்குள், இயந்திரச் சூட்டில் காய்கிறது. "இப்பெல்லாம் ஆரும் கொரலு குடுக்கறதில்லீங்க அம்மணி" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே சிவன்மலை கறுத்தது. வெறும் களத்தில் மூடுவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும் இருவரும் எழுந்துவிட்டோம். அப்போதுதான், நாங்கள் இருந்த வீட்டின் கொடியில் துணிகள் ஆடுவதைப் பார்த்தேன். ஆறு மாத வேலைக்கு வந்த குடும்பம் என்றார் வள்ளியக்கா. ஓடிப்போய் அள்ளிக்கொண்டு கதவைத் தட்டினேன். ஜன்னலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமிதான் வந்து திறந்தாள். துணிகளை மடித்து அவள் கையில் கொடுத்தேன். எதுவும் கேட்கவில்லை.